தெருப்பக்கக் கொடியில் வெள்ளைக் கோட்டு

ரேணுகாம்பாளுக்குப் பொறாமை அதிகம். இதை அவள் இல்லாத இடத்தில் பேசுகிற புரளியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஆமாண்ணா, ஜாஸ்திதான். அதுக்கு இன்னா மாத்திரைன்னு சொல்லுங்க, நானும் துன்றேன்" என்பாள், அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே.

என் பெயர் சம்பந்தம். ஆரணியில் முப்பது வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். அதில் பதினேழு வருடமாக ரேணுகா என்னோடு நிற்கிறாள். பிளஸ் டூ வரைதான் படிப்பு. ஆனால் எந்த டாக்டரின் கிறுக்கலையும் என்னைவிட வேகமாகப் படித்துவிடுவாள். கணவன் முருகேசன் வீட்டில் பட்டுத் தறி நெய்கிறான். கல்யாணமான புதிதில் இவளும் ஒரு வாரம் தறியில் உட்கார்ந்து பார்த்தாளாம். எட்டாம் நாள், "எனக்கு மனுச மூஞ்சியப் பாத்துகினு இருக்கணும்" என்று எழுந்துவிட்டாள். மனித முகத்தைப் பார்ப்பதில் அவளுக்கு நிகர் கிடையாது. யார் வீட்டில் என்ன புதிதாக வந்திருக்கிறது, யார் கழுத்தில் சங்கிலி காணாமல் போயிருக்கிறது எல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவள் வாய் வழியாகத்தான் தெரியவரும்.

ஊரெல்லாம் பொறாமைப்பட அவளுக்கு நேரமில்லை. முழுவதையும் ஒருத்தி மேல் வைத்திருந்தாள். ஓரகத்தி சுபத்ரா. முருகேசனின் தம்பி குமரேசனுக்கு வாய்த்தவள். அண்ணன் தம்பி இருவருக்கும் அப்பா விட்டுப்போன ஒரே வீடு, நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தது. சுவர் பாகம் பிரித்ததே தவிர ரேணுகாவின் கண்ணை மறைக்கவில்லை. குமரேசன் நெசவை விட்டுப் புடவை வியாபாரத்துக்குப் போய் மாடி கட்டியபோது இவள் ஒரு மாதம் அண்ணாந்து பார்க்காமல் நடந்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வைத்த முல்லைச் செடியில் சுபத்ராவுடையது முதலில் பூத்ததற்குக்கூட என்னிடம் வந்து முறையிட்டாள். "ஒரே மண்ணு, ஒரே தண்ணிண்ணா. செடிக்குக்கூட அவதான் கண்ணுக்குத் தெரியறா."

இவையெல்லாம் சில்லறை. பெரியது பிள்ளைகள் விஷயத்தில் வந்தது.

ரேணுகாவின் மகள் பானுப்ரியாவும் சுபத்ராவின் மகன் கோகுல்ராஜும் நாற்பது நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம். பத்தாவதில் பானு ஆறு மார்க் அதிகம். அந்த ஆறு மார்க்கை வைத்துக்கொண்டு ரேணுகா இரண்டு வருடம் ஓட்டினாள். பிறகு இருவரும் நீட் எழுதினார்கள். பையனுக்கு அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைத்தது. பானுவுக்குப் பதினொரு மார்க்கில் போயிற்று. மறுபடி ஒரு வருடம் வீட்டில் இருந்து எழுதினாள். அந்த முறை இன்னும் கீழே இறங்கினாள். பிறகு, "போதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தாள். ரேணுகா மூன்று நாள் மகளோடு பேசவில்லை. மகள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துக் காலை ஏழு வரை தூங்கினாள். "எப்டித்தான் தூக்கம் வருதோ இந்தப் பொண்ணுக்கு. எனக்கு வரலியே" என்று ரேணுகா என்னிடம் பொருமினாள்.

கோகுல்ராஜ் கல்லூரியில் சேர்ந்த வாரம் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'எங்கள் தெருவின் முதல் டாக்டர்'. அது சரியாக ரேணுகாவின் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தது. ஐப்பசி மழையில் கிழிந்து தொங்கிய அன்று ரேணுகா கடைக்கு மைசூர்பாகு கொண்டுவந்தாள். எதற்கு என்றேன். "சும்மாத்தான்ணா" என்றாள். நானும் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஃபிளெக்ஸ் போனாலும் கோட்டு போகவில்லை. பையன் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் வெள்ளைக் கோட்டைத் துவைக்கக் கொண்டுவருவான். சுபத்ரா வீட்டில் துணி காயப்போடுவது பின்பக்கத் தோட்டத்துக் கொடியில். பாவாடை, லுங்கி, போர்வை எல்லாம் அங்கேதான். கோட்டு மட்டும் மாடியில் தெருப்பக்கக் கொடியில் தொங்கும். தெருவின் இரண்டு முனையிலிருந்தும் தெரிகிற உயரம். அது காய்வதற்கு இரண்டு மணி நேரம் போதும். சுபத்ரா இரண்டு நாள் விட்டுவைப்பாள். அந்த இரண்டு நாளும் ரேணுகா கடையில் சில்லறையைத் தப்பாகக் கொடுப்பாள்.

நான் எழுத வந்தது அந்தக் கோட்டை வைத்து எங்கள் ஊரில் நடந்த ஒரு தப்பைப் பற்றி. அதில் என் பங்கு பெரியது. மறைக்கப்போவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பையனுக்கு மெடிக்கல் சீட்டு கிடைத்துவிட்டால் அன்றைக்கே அவன் டாக்டர். அவன் முதல் வருடத்தில் எலும்புக்குப் பெயர் படித்துக்கொண்டிருப்பான். இங்கே பெண்கள் அவன் வீட்டு வாசலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுபத்ரா பி.பி. பார்க்கிற கருவி ஒன்றை வாங்கிக்கொடுத்து மகனை ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் உட்காரவைத்தாள். பையன் முதலில் நெளிந்தான். "நான் இன்னும் படிக்கவே ஆரமிக்கலம்மா" என்றானாம். யார் கேட்டார்கள். அவன் அப்பா புடவைக்குப் பூ வரைகிற கட்டம்போட்ட தாளைக் கிழித்து அதில் மருந்து பெயர் எழுதித் தர ஆரம்பித்தான். தைலம், ஜெலுசில், சளி மருந்து. அந்தச் சீட்டு என் கடைக்கு வரும். கட்டம்போட்ட தாளைப் பார்த்ததுமே, 'நம்ம டாக்டர் தம்பி' என்று நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். வந்தவர்களிடம் பெருமையாகவும் பேசியிருக்கிறேன். ரேணுகா மட்டும் அந்தச் சீட்டுகளைத் தொடமாட்டாள். "அது சீட்டில்ல, புடவ பார்டரு. நீங்களே குடுங்க" என்று நகர்ந்துவிடுவாள். பொறாமை என்று நான் சிரித்தேன்.

மூன்றாம் வருடத்தில் பையன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஊருக்கு வர ஆரம்பித்தான். கல்லூரி மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தது. சுபத்ராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பெத்தவள விட்டுட்டு இருக்க முடிலியாம் அவனுக்கு" என்று தெருவெல்லாம் சொன்னாள். தன் மகள் எதிர் அறையிலிருந்துகூட எழுந்து வருவதில்லையே என்று ரேணுகா அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தாள்.

அவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகுமுன் என் கடைக்கு வந்து ஒரு சீட்டு நீட்டுவான். "தெருவுல ஒருத்தருக்கு முதுகு வலி அங்கிள். நானே வாங்கினு போய்டறேன்." நெசவாளர் தெருவில் முதுகு வலி இல்லாத வீடு எது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்கிற வேலை. எழுதியிருந்தது பலமான வலி மாத்திரை. பெயர் சொல்லமாட்டேன். முறையான டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மாத்திரை. கொடுத்தேன். பெயரைக்கூடப் படிக்காமல் சீட்டைக் கம்பியில் குத்தினேன். வெள்ளிக்கிழமை ரேணுகாவுக்கு வார லீவு என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ரேணுகா கடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் கம்பியிலிருந்த மேல் சீட்டு ஆடியது. எட்டிப் பார்த்தாள். 'முருகேசன், 54, முதுகு வலி, ஒரு நாளைக்கு மூன்று, பதினைந்து நாள்.'

அவள் புருஷன் பெயர்.

முதலில் அவளுக்கு வந்தது சந்தேகம் அல்ல, ஆத்திரம். மருந்துக் கடையில் பதினேழு வருடம் நிற்கிற பெண்டாட்டியிடம் சொல்லாமல் ஓரகத்தி மகனிடம் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டானே மனுஷன் என்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவள் தறி முன்னால் போய் நின்றாள்.

"உனுக்கு முதுகு வலின்னா என்னாண்ட சொன்னா இன்னாயா? அவ புள்ள எழுதித் தந்தாதான் எறங்குமா?"

"யாருக்கு முதுகு வலி?"

"உனுக்குத்தான்."

"எனக்கு முட்டிதான் வலிக்குது. அதுக்கு நீயே தைலம் குடுத்தியே."

அவள் நம்பவில்லை. சட்டைப் பை, தறிக்குழி, சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடிப் பார்த்தாள். மாத்திரை ஒன்றும் இல்லை. முருகேசனுக்குப் பொய் சொல்லவும் வராது. சொன்னால் காது சிவந்துவிடும். திரும்பிக் கடைக்கு வந்து, நான் பழைய சீட்டுகளைப் போட்டுவைக்கிற அட்டைப்பெட்டியை எடுத்துத் தரையில் கொட்டினாள். கட்டம்போட்ட தாள்களை மட்டும் பொறுக்கினாள். ஒரு வருடத்தில் வலி மாத்திரைச் சீட்டு பத்தொன்பது. எல்லாம் அவர்கள் தெருக்காரர்கள் பெயரில். எல்லாம் வெள்ளிக்கிழமை.

நூல் சுற்றுகிற செல்லியம்மாளிடம் போய்ப் பேச்சுவாக்கில் விசாரித்தாள். "டாக்டரு தம்பி எனுக்கு ஒரே ஒருவாட்டி ஓமத்திரவம் எழுதிக் குடுத்துச்சிம்மா. வேற இன்னா?" என்றாள் செல்லியம்மாள். அவள் பெயரில் ஐந்து சீட்டு இருந்தது.

கடைசியாக ஒரு சீட்டை என் மேசையில் வைத்தாள். 'துரைக்கண்ணு, 60, முதுகு வலி.' தேதி ஆனி மாதம். துரைக்கண்ணு பங்குனியில் செத்துப்போனவர். சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனவனே நான்தான்.

"செத்தவனுக்கு மாத்திரை குடுத்துகீறீங்கண்ணா" என்றாள்.

எனக்கு வியர்த்துவிட்டது. பையனுக்காக அல்ல. உண்மையைச் சொல்கிறேன், முதலில் என் லைசென்ஸுக்காகத்தான் வியர்த்தது. "ஏதாவது தப்பா எழுதியிருப்பான். உன் வயித்தெரிச்சல அந்தப் புள்ள மேல கொட்டாத. கிழிச்சிப் போடு" என்றேன்.

அவள் கிழிக்கவில்லை. சீட்டுகளை அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை.

"வயித்துல பால வார்த்தாப்ல கீதுண்ணா" என்றாள். "மூணு வருசம். அந்தக் கோட்டப் பாத்துப் பாத்து நான் பட்டது எனுக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் நல்லாத் தெரியட்டும், அந்தக் கோட்டுக்குள்ள இன்னா கீதுன்னு. திங்கக்கெழம எங்க வீட்டு பாவு. தெருவே நிக்கும். அங்க வெச்சி சொல்றேன்."

சாயங்காலம் மைசூர்பாகு வாங்கிவந்து, திங்கட்கிழமைக்கு என்று கடையில் வைத்துவிட்டுப் போனாள்.

பாவு என்றால், நெசவுக்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து தயார்செய்வது. விடிகிற நேரத்தில் வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். இருபது கையாவது வேண்டும். அதனால் அடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியவர்கள்கூட ஒருவர் வீட்டுப் பாவுக்கு ஒருவர் வந்து நிற்பார்கள். பாவு கட்டியிருக்கும்போது சண்டை போடக் கூடாது என்பது அந்தத் தெருவின் எழுதாத சட்டம். ஒரு கை பதறினால் நூறு இழை போகும். கோபத்தையெல்லாம் பாவைச் சுருட்டியபிறகு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை நானும் போனேன். உதவிசெய்ய என்று நினைத்துக்கொண்டார்கள். என் பெயர் எப்படி அடிபடுகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

அரக்குச் சிவப்புப் பாவு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள். ரேணுகா இடுப்பில் ரப்பர் பேண்டுக் கட்டு புடைத்துக்கொண்டிருந்தது. பரீட்சை லீவில் இருந்த கோகுல்ராஜையும் அவன் அம்மா எழுப்பி அனுப்பியிருந்தாள். "டாக்டர் கை. நைசா முடிவான் பாருங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். சின்ன வயதில் அவன் அந்தத் தெருவிலேயே வேகமாக இழை முடிகிறவன். பானுவும் அவனும் போட்டி போட்டு முடிவார்கள்.

அவன் ரேணுகாவுக்கு எதிரில், பாவுக்கு அந்தப் பக்கம் நின்றான். ரேணுகாவுக்கு அடுத்து நான். மற்றவர்கள் நாலைந்து அடி தள்ளி நின்றார்கள். பையன் ஒரு அறுந்த இழையை எடுத்தான். அதன் ஜோடியைத் தேடிப் பிடித்தான். இரண்டு நுனியையும் சேர்க்க முடியவில்லை. விரல்கள் ஆடின. மறுபடி முயன்றான். குளிர்ந்த காற்றிலும் அவன் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். மூன்றாவது தடவையும் நுனி நழுவியது.

ரேணுகா கையை நீட்டி அந்த இழையை வாங்கி முடிந்தாள். அடுத்ததையும் முடிந்தாள். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"பெரிம்மா" என்றான் அவன் மெதுவாக. "பெரியப்பா கேட்டாரு, எனுக்கா மாத்திர எழுதனன்னு. சீட்டு உங்ககிட்டதான் கீதா?"

"கீது."

"வாங்கனதெல்லாம் அன்னிக்கே ஆத்துல போய்க் கொட்டிட்டேன். விட்டுடலாம்னு பாத்தேன். முடில. கை நிக்க மாட்டேங்குது, தூக்கம் இல்ல." கண் இழையிலேயே இருந்தது. "நீங்களே சொல்லிடுங்க பெரிம்மா. எனுக்குச் சொல்ல வாய் வரல."

பழிவாங்க வந்தவளிடம், பழிவாங்கு என்று எதிராளியே கெஞ்சினால் என்ன செய்வது. ரேணுகாவின் கை நின்றுவிட்டது.

"எப்டிடா புடிச்ச இத்த?"

"மொத வருசம் முழிச்சிப் படிக்கறதுக்கு ஒண்ணு குடுத்தாங்க ஹாஸ்டல்ல. அப்பறம் தூங்கறதுக்கு ஒண்ணு. அப்பறம் இது. நான் ஒருத்தன் இல்ல, நெறைய பேரு. ரெண்டாவது வருசம் ரெண்டு பேப்பர் போச்சி. வீட்ல சொல்லல. இங்க வந்தா எல்லாரும் டாக்டர் டாக்டர்னு கையை நீட்றாங்க. அத்த முழுங்கனா ஒண்ணும் தெரியாது." இன்னொரு இழையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். "பானுவப் பாத்தா எனுக்குப் பொறாமையா இருக்கும் பெரிம்மா. மத்தியானம்கூடத் தூங்கறா. செவுத்துக்கு அந்தாண்ட அவ கொறட்ட விடறது கேக்கும். எனுக்கு சீட்டு கெடைக்காம அவளுக்குக் கெடச்சிருக்கக் கூடாதான்னு நெனச்சிக்குவேன்."

ரேணுகா தன் மகளைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவார்கள் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. மூன்று வருடம் அவள் ஏங்கிக் கிடந்ததற்கு, இது அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பரிசு. அதைக் கேட்டு அவள் முகம் மலரவில்லை. முந்தானையை எடுத்து, பாவுக்கு மேலே கை நீட்டி, அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "சொட்டப்போவுது. பட்டுல கறை பட்டா போவாது" என்றாள், யாரோ கேட்ட மாதிரி.

பாவு சுருட்டி முடிந்தது. தெரு முழுக்க நின்று காபி குடித்தது. அவள் சொல்வாள் சொல்வாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீங்களும் வாங்கண்ணா. மாத்திர குடுத்த கை உங்களுது."

சுபத்ராவின் சமையலறையில் நின்றோம். ரேணுகா சீட்டுக் கட்டை அடுப்பு மேடையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. சுபத்ரா கட்டைத் தொடவே இல்லை.

"எரியுதுக்கா உனுக்கு" என்றாள். குரல் உயரவில்லை. "என் புள்ள டாக்டராவறது உனுக்கு எரியுது. உன் பொண்ணுக்குக் கெடைக்கலன்னு எரியுது. தெருவுக்கே தெரியும்."

"எரியுது" என்றாள் ரேணுகா. "ஏன் எரியாது? பகலும் ராத்திரியும் எரிஞ்சிது. எரிஞ்சதாலதான் உன் புள்ளையத் தவிர வேற ஒண்ணையும் நான் பாக்கல. போன தீவாளிக்கு வந்தப்போ காலரு கழுத்துல நிக்காம தொங்குச்சி. பொங்கலுக்கு மூணு இட்லி வெச்ச, ஒண்ணர துன்னுட்டு நாய்க்குப் போட்டான். சித்தரைல பி.பி. பாக்கறப்போ பம்ப அமுத்த முடியாம ரெண்டு கையால அமுத்தனான். உனுக்குத் தெரிமா இதுல ஒண்ணாவது? நீ கோட்டப் பாத்துகினு இருந்த சுபத்ரா. நான் புள்ளையப் பாத்துகினு இருந்தேன்."

சுபத்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ரேணுகாவின் வார்த்தையைவிட என் வார்த்தைக்கு அந்தத் தெருவில் மதிப்பு அதிகம். என் லைசென்ஸ் கண்முன்னால் ஆடியது.

"குடுத்தது நான்தாம்மா" என்றேன். "பத்தொம்பது தடவ. ஒண்ணு செத்தவர் பேருல."

பையன் வாசற்படியில் வந்து நின்றிருந்தான். சுபத்ரா போய் அவன் இரண்டு கையையும் பிடித்தாள். அவள் பிடித்தபிறகும் அந்தக் கைகள் ஆடின. அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். ரேணுகாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்களை விட்டுவிட்டு நான் வந்துவிட்டேன். கடையில் சனிக்கிழமை வாங்கிய மைசூர்பாகு டப்பா பிரிக்காமல் இருந்தது. எறும்பு ஏறியிருந்தது.

குமரேசன் மறுநாளே மகனை வேலூருக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஒரு மாதம் அங்கே. பிறகு கல்லூரியில் பேசி ஆறு மாதம் லீவு. தெருவுக்கு என்ன சொல்வது என்று சுபத்ரா தலையில் கைவைத்தபோது ரேணுகா அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். பையனுக்கு மஞ்சள் காமாலை என்றாள். சும்மா சொன்னால் நம்பமாட்டார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கீழாநெல்லி கேட்டாள். ஆற்றங்கரைவரை போய்க் கட்டுக் கட்டாகப் பறித்துவந்தாள். பொறாமைக்காரியே இப்படி அலைகிறாளே என்று தெரு உச்சுக்கொட்டியது, முழுசாக நம்பியது. பறித்த கீழாநெல்லியை அரைத்து முருகேசனுக்குக் கொடுத்தாள். அந்த மனிதன் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு மாதம் குடித்தான்.

நான் கட்டம்போட்ட தாளை வாங்குவதை அன்றோடு நிறுத்தினேன். மருந்து ஆய்வாளரிடம் போய் நானே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை, இதுவரைக்கும். வெள்ளிக்கிழமை லீவை ரேணுகா ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். காரணம் கேட்டதற்கு, "உங்கள நம்பி வெள்ளிக்கெழம உடறதுக்கில்ல" என்றாள்.

மாசி மாதம் கோகுல்ராஜ் கல்லூரிக்குத் திரும்பினான். ஒரு வருடம் பின்னால், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. பங்குனியில் முதல் தடவையாக ஊருக்கு வந்தான். நேராக வீட்டுக்குப் போனான். கன்னம் கொஞ்சம் பூசியிருந்ததாக ரேணுகா தகவல் தந்தாள். நாலு இட்லி சாப்பிட்டானாம். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து எப்படி எண்ணினாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் முருகேசனுக்கு முட்டித் தைலம் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ரேணுகா தோட்டத்துச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சுபத்ரா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். லுங்கி, போர்வை, நடுவில், இரண்டு போர்வைக்கும் இடையில் தெரியாத மாதிரி, வெள்ளைக் கோட்டு.

"இன்னா சுபத்ரா, அத்த இங்க போட்டுகீற?"

"இங்கியே காயட்டும்க்கா." சுபத்ரா நிமிரவில்லை. "போதும்."

"இன்னா போதும்? மேல போடு. எப்பவும் போடற எடத்துல."

"எந்த மூஞ்ச வெச்சிகினு போடறதுக்கா?"

ரேணுகா சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் எக்கினாள்.

"அவன் தூங்கி எழுந்து, துன்னு, ஒழுங்காப் படிச்சி அத்த மாட்டிகினு இருக்கான். இப்பதான் அது கோட்டு. மேல போடு. நான் எத்தப் பாத்து வயிறெரியறது?"

நான் தைலத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ரேணுகா கடைக்கு வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. பையை ஆணியில் மாட்டினாள். வந்தவர் ஒருவருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"போட்டுட்டாண்ணா மேல" என்றாள். "நீலம் வேற போட்டு அலசிகீறா."